மூக்குக்கு வெளியே உள்ள காற்று

காற்றுத் தர வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். முதல் கதவுக்கும் இரண்டாம் கதவுக்கும் நடுவில் ஆளை நிறுத்தி நாலு பக்கமும் காற்றடிப்பார்கள். உடம்பிலும் துணியிலும் ஒட்டியிருக்கிற தூசி போன பிறகுதான் இரண்டாம் கதவு தானாகத் திறக்கும். சாதாரணமாக அரை நிமிடம் ஆகும். ஜல்லிக்காரன் ஒன்பது நிமிடமாக நின்றான். கதவு அசையவில்லை.

"யோவ், இன்னும் எவ்வளவுய்யா வச்சிருக்க?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காவலாளி கத்தினார்.

"குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்."

"குளிச்சா மேல இருக்கறதுதான் போகும். உனக்கு உள்ளேயிருந்துல்ல வருது."

காவலாளி சொன்னதில் தப்பில்லை. ஊரை ஒட்டியிருக்கும் கிரஷரில், பாறைத் துண்டுகளை மெஷினின் வாய்க்குள் தள்ளிவிடுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருஷமாகத் தள்ளுகிறான். மெஷின் ஒரு பக்கம் ஜல்லியைத் துப்பும், மறுபக்கம் கல்மாவைத் துப்பும். ஜல்லி லாரி ஏறி நகரத்துக்குப் போய்விடும். மாவு ஊரிலேயே தங்கிவிடும். அவன் காதுமடலின் மடிப்பில், இமை மயிரில், நகக்கண்ணில், சட்டைக் காலரின் தையலுக்குள் எல்லாம் அது குடியிருந்தது. பத்தாவது நிமிடம் காற்றடிக்கிற மெஷின் ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது. காவலாளி தலையில் அடித்துக்கொண்டு கதவைக் கையால் தள்ளித் திறந்தார். அவன் இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, தலையிலும் ஒன்றைக் கவிழ்த்து உள்ளே அனுப்பினார்.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம்.

அவன் மனைவியும் அதே கிரஷரில் சல்லடைக்குக் கீழே விழும் மாவை அள்ளிக் கொட்டுகிற வேலையில் பதினாலு வருஷம் இருந்தவள். இப்போது வீட்டிலிருந்து தெருக்குழாய்க்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவள் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வச்சாகணும். தினம் பதினாறு மணி நேரம். இல்லன்னா அடுத்த வருஷம் இவங்கள இங்க கூட்டிட்டு வர வேண்டிய அவசியமே இருக்காது" என்றார். கெட்ட காற்றால் நுரையீரல் போனவர்களுக்கு மெஷினை வாரியமே இலவசமாகக் கொடுக்கிறதாம். நோயாளி வசிக்கும் இடத்தின் காற்று கெட்டது என்று வாரியத்திடம் ஒரு சான்று வாங்கி வந்தால் போதும். "அரை நாள் வேலைதான்" என்றார் டாக்டர். அவர் நல்ல மனிதர். அந்த அலுவலகத்துக்குப் போனதில்லை.

கூடம் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. மேசைக்கு ஒன்றாகக் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு. ஜல்லிக்காரன் நடந்துபோன வழியில் விளக்குகள் வரிசையாகச் சிவப்புக்கு மாறின. ஊழியர்கள் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுவரில் ஒரு பெரிய மின்பலகை. 'நகரக் காற்று இன்று: 165. ஒப்பீட்டு ஊர்: 11. நகரம் பதினைந்து மடங்கு மோசம்.' அதற்கு முன்னால் நின்று ஒரு அம்மா செல்போனில் பதறிக்கொண்டிருந்தாள். "நூத்தி அறுபத்தஞ்சாம்! பசங்கள பால்கனிக்குக்கூட விடாத!"

குமாஸ்தா விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார்.

"எந்த ஏரியா?"

"ஏரியா இல்லீங்க, ஊரு. குப்பைமேட்டுக்கு அடுத்தாப்ல, கிரஷர் இருக்கற ஊரு."

"கிராமமா?" குமாஸ்தாவின் கை நின்றது. "கிராமம்னு போட்டா அடுத்த பக்கம் திறக்காதே."

"ஏங்க?"

"கிராமத்துல காத்து நல்லா இருக்கும்ல? அப்புறம் என்னத்துக்குத் திறக்கணும்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. வெயில் சுடும் என்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு ஊரின் எண்ணைத் தட்டிப் பார்த்தவர், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அட! நீங்க ஒப்பீட்டு ஊர்க்காரரா! சார், இங்க வாங்க, ஒப்பீட்டு ஊரிலேர்ந்து ஆள் வந்திருக்காரு!"

நாலைந்து பேர் வந்து, கையெட்டாத தூரத்தில் வட்டமாக நின்று அவனைப் பார்த்தார்கள். கொடுத்து வைத்த மனிதர் என்றார் ஒருவர். ஓய்வு பெற்றதும் அந்தப் பக்கம் ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார் இன்னொருவர், மூக்கிலிருந்து கையை எடுக்காமல்.

நகரக் காற்று எவ்வளவு மோசம் என்று சொல்வதற்கு ஒரு நல்ல காற்று வேண்டுமல்லவா? அதற்காக முப்பது வருஷத்துக்கு முன்னால் வாரியம் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து ஒருநாள் அளந்தது. பதினொன்று என்று வந்தது. அன்றிலிருந்து பத்திரிகையில் 'கிராமக் காற்றைவிட இத்தனை மடங்கு' என்று வரும்போதெல்லாம் அந்தக் கிராமம் இவனுடைய ஊர்தான். இவனுக்கு இது இன்றுதான் தெரியும்.

"அதுக்கப்புறம் அளக்கலீங்களா?"

"அளவுகோலை யாராவது அளப்பாங்களா?" குமாஸ்தா சிரித்தார். "என்ன மனுஷன்யா நீங்க."

"அப்ப கிரஷர் இல்லீங்க. செங்கல் சூளை இல்ல. உங்க ஊருக் குப்பைய எங்க ஊர்ல கொண்டாந்து எரிக்கல."

"அதெல்லாம் பிற்பாடு வந்ததுங்க. பதினொண்ணு முன்னாடியே வந்துடுச்சே."

அவன் விடவில்லை. துணை இயக்குநரிடம் அனுப்பினார்கள். துணை இயக்குநரின் அறையில் அதே காற்றுப் பெட்டிகள் மூன்று இருந்தன. அவன் மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தான். மனைவி இருமித் துப்பியது. சிமெண்டைக் கரைத்து வைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது; நடுவில் ஒரு சிவப்பு இழை.

"இதப் பாத்துச் சொல்லுங்க சார், எங்க ஊர்க் காத்து நல்ல காத்தான்னு."

துணை இயக்குநர் நாற்காலியோடு பின்னால் உருண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். முகத்தில் அருவருப்பு இருந்தாலும் குரலில் பொறுமை இருந்தது. இருபது வருஷம் பொதுமக்களைச் சந்தித்தவர்.

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். எங்க வாரியம் மூக்குக்கு வெளியே உள்ள காத்துக்குத்தான் பொறுப்பு. மூக்குக்குள்ள போயிட்டா அது சுகாதாரத் துறை. நீங்க கொண்டு வந்தது உள்ள போய்ட்டு வந்தது. இதை நான் பாத்ததாகூட எழுத முடியாது. மூடுங்க."

"அப்ப வெளியில உள்ளத வந்து அளந்து பாருங்க சார்."

துணை இயக்குநர் யோசித்தார். அளவுகோலின் முப்பதாம் ஆண்டு விழா வரப்போகிறது. விழா மலருக்குப் புதுப் படம் எதுவும் இல்லை. "மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசற்படியில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி. நகரத்துக் குப்பை லாரியை ஓட்டுகிறவன். அவனும் லாரியும் ஒரே வாடை. குப்பைமேட்டுப் பக்கமிருந்து டயர் எரிகிற கருப்புப் புகை தெருவுக்குள் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. மூடிவைத்த தண்ணீர்க் குடத்தின் மேல் விரலால் பெயர் எழுதலாம் போல மாவு.

"என்ன... சொன்னாங்க?"

"நம்ம ஊர்க் காத்து பதினொண்ணாம்."

"பதினொண்ணுன்னா... நல்லதா கெட்டதா?"

"ரொம்ப நல்லதாம். டவுன்ல இருக்கறத விடப் பதினஞ்சு மடங்கு நல்லதாம்."

அவள் ஒரு மூச்சுக்குக் காத்திருந்து சொன்னாள். "அப்ப நான்தான்... சரியா... இழுக்கல போலிருக்கு."

"ஆமாக்கா," என்றான் தம்பி. "நல்ல காத்தப் போட்டு வீணாக்குற. பாரு, ஒருநாள் உன்மேல கேஸ் போடுவாங்க. மாமா, போன வருஷம் டவுன்ல இருந்த கிரஷர் நாலையும் மூடினாங்களே, குப்பைய உள்ள எரிக்கக் கூடாதுன்னாங்களே, எதுக்குன்னு நினைக்கறீங்க? இரநூத்தி நாப்பது இருந்ததாம் அவங்க காத்து. எல்லாத்தையும் என் வண்டில ஏத்தி இங்க தள்ளின பிறகு நூத்தி அறுபத்தஞ்சு. அதுக்கு வாரியத் தலைவருக்கு விருது வேற. விருதச் சுத்தியிருந்த காகிதம், பூச்செண்டு எல்லாம் நான்தான் கொண்டாந்து கொட்டினேன்."

"வாய மூடிட்டு இரு மாப்ள. அளக்க வரேன்னு சொல்லியிருக்காங்க."

அளக்க வருவதற்கு முன் ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. அளக்கும் கருவி விலை உயர்ந்தது, நுட்பமானது, ஆகவே தூசி படக்கூடாது. அதிர்வு ஆகாது, ஆகவே அன்று கிரஷர் ஓடக்கூடாது. சூடு ஆகாது, ஆகவே சூளையையும் குப்பைமேட்டையும் முந்தின நாளே அணைக்க வேண்டும். லாரி வரக்கூடாது. ரோட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டும். யாரும் பெருக்கவோ அடுப்பு மூட்டவோ கூடாது. இருமுகிறவர்கள் கருவியிலிருந்து நூறு அடி தள்ளி இருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் வானம் புகைமூட்டமாக இருந்ததால், ஒரு நல்ல மழைக்காகப் பதினாறு நாள் காத்திருந்தார்கள். மழை பெய்து விட்ட மறுநாள் காலை கருவி வந்தது.

கருவிக்காரர் மெலிந்த மனிதர். முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி போட்டிருந்தார். கருவியைத் தரையில் வைக்க மனசு வரவில்லை; ஊரில் உயரமான இடம் தண்ணீர்த் தொட்டிதான் என்று அதன் உச்சியில் ஏற்றினார். ஏற்றியது ஜல்லிக்காரன். நாற்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். கருவிக்குள் கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைத் தாள். காற்றை அதன் வழியாக இழுத்து எட்டு மணி நேரம் ஓடவிட்டு, தாளில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

சாயங்காலம் தாளை வெளியே எடுத்ததும் கருவிக்காரர் "அய்யோ" என்றார்.

மழை கழுவிய பிறகும், எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும், தாள் கரிச்சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. ஊர் ஒருநாள் சும்மா இருந்தால் போய்விடுகிற சங்கதியா அது? கூரையிலும் மரத்திலும் இருபது வருஷமாக ஏறி உட்கார்ந்திருப்பது, கொஞ்சம் காய்ந்ததும் எழுந்து வந்துவிட்டது.

ஜல்லிக்காரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் ஊர் இவ்வளவு அழுக்காக இருப்பதைக் கண்ணால் பார்த்து மகிழ்ந்தவன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். "சார், இது போதுமில்லீங்க? இத வச்சே சான்று கொடுத்துடுவாங்கல்ல?"

கருவிக்காரர் பையைத் திறந்து முகம் மழிக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துத் தாளைத் தட்ட ஆரம்பித்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"இத இப்படியே அனுப்ப முடியாதுப்பா. லேப்ல அழுக்குத் தாள் வாங்க மாட்டாங்க. அவங்க தராசு ஒரு மயிரிழைய நிறுக்கற தராசு. கரி ஒட்டினா கெட்டுப்போயிடும். போன தடவை பஸ் ஸ்டாண்டுத் தாளை அப்படியே அனுப்பிட்டேன். மெமோ. 'மாதிரிகளைச் சுத்தமான நிலையில் அனுப்பவும்'னு. பாரு, பர்ஸ்லயே வச்சிருக்கேன்."

"சுத்தம் பண்ணி அனுப்பினா அழுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது லேப்காரங்க வேலை. நான் எடுக்கறவன், அவங்க நிறுக்கறவங்க. அவங்க வேலையில நான் தலையிடறதில்ல."

நகரத்துத் தாள் என்றால் பிரஷ்ஷால் நாலு தட்டுத் தட்டினால் போதும். இது எண்ணெய்ப் பிசுக்கான கரி, டயர்க் கரி, தட்டலுக்கு மசியவில்லை. கருவிக்காரர் மனசாட்சியுள்ள உழைப்பாளி. பையின் அடியைத் துழாவி ஒரு அழிரப்பரைக் கண்டுபிடித்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடைமேல் பலகையை வைத்து, தப்பான கணக்கை அழிப்பதுபோல் ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நடுநடுவே முகமூடியை விலக்கித் தாளை ஊதினார். ஊதியது ஜல்லிக்காரன் முகத்தில் வந்து விழுந்தது. கடைசியில் தாள் மறுபடி வெள்ளையாகிவிட்டது. கொஞ்சம் மெலிந்தும்விட்டது, பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் கிரஷர் தெரிந்தது.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. கருவிக்குள் வைக்கும்போது இருந்த எடையைவிட, எட்டு மணி நேரம் ஊர்க் காற்றை இழுத்த பிறகு தாள் மூன்று மில்லிகிராம் குறைவாக இருந்தது. மைனஸ் மூன்று.

குறைந்தது அழிரப்பரோடு போன தாளின் நார்தான் என்று வாரியத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று குழுக்கள் உட்கார்ந்து ஆராய்ந்தன. மூன்றாவது குழு உண்மையைக் கண்டுபிடித்தது. இந்த ஊர்க் காற்றில் தூசி இல்லை என்பது பழைய கதை. இந்த ஊர்க் காற்று தூசியைத் தின்கிறது. உலகத்தில் இப்படியொரு காற்று இதுவரை அளக்கப்படவில்லை.

விழா எடுத்தார்கள். கிரஷருக்கு எதிரே இருந்த மைதானத்தில் பந்தல். வந்த அதிகாரிகளுக்கெல்லாம் காரிலிருந்து இறங்குமுன் முகமூடி கொடுக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கவில்லை, சொந்தக் காற்றுக்கு முகமூடி எதற்கு? வாரியத் தலைவருக்குத் தொண்டை மென்மையானது என்பதால் அவர் காரிலிருந்து இறங்கவே இல்லை. மைக்கை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொடுத்து, இடுக்கைத் துண்டால் அடைத்தார்கள். பேச்சு ஒலிபெருக்கியில் வந்தது. முகம் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை. ஜனங்கள் காரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"பெருமக்களே, நகரத்தில் வாழும் எங்கள் நிலைமையைப் பாருங்கள். ஜன்னலைத் திறக்க முடியாது. காலையில் நடக்கப் போக முடியாது. என் வீட்டில் ஒன்பது சுத்திகரிப்புப் பெட்டிகள். என் நாய்க்கே தனியாக ஒன்று. உங்களுக்கு என்ன குறை? கதவே இல்லாத வீட்டில்கூட நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உங்கள்மேல் பொறாமை! இருந்தும் நான் ஏன் நகரத்தில் இருக்கிறேன்? தியாகம். கெட்ட காற்றை நாங்கள் எங்கள் பங்குக்குச் சுவாசிக்கிறோம். அதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டல்லவா? உங்கள் காற்று இன்று மைனஸ் மூன்று. அதாவது மூன்று பாக்கி கிடக்கிறது. ஒரு இடம் காலியாகக் கிடக்கும்போது அதை வீணாக விடுவது விஞ்ஞானத்துக்கே அவமானம். ஆகவே இன்னும் மூன்று கிரஷர்களுக்கும் இரண்டாவது குப்பைமேட்டுக்கும் வாரியம் மகிழ்ச்சியோடு அனுமதி அளிக்கிறது. இது உங்கள் காற்றின் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம்!"

கைதட்டல் முடிவதற்குள் ஜல்லிக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய்விட்டான். மனைவியையும் கைத்தாங்கலாக இழுத்து வந்திருந்தான். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயா, மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கோம். இவளுக்கு மூச்சு விட முடியலீங்க."

துண்டு அடைத்த இடுக்கு வழியாகத் தலைவரின் குரல் அன்பாக வந்தது. மைக் இன்னும் அணைக்கப்படாததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, மைனஸ் மூணு காத்து. இதைவிட நல்ல காத்து நான் எங்கேருந்து கொண்டு வர முடியும்? இதுலயே உங்களால மூச்சு விட முடியலன்னா, தப்பு காத்துல இல்லம்மா."

கார் கிளம்பியது. கதவிலிருந்து கையை எடுக்க அவளுக்கு நேரமாகியது. நாலடி கூடவே நடந்தாள். கார் போன பிறகு சக்கரம் கிளப்பிய மாவு அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அந்தாள் சொல்றது... நிஜமாவே இருக்குமோ?" என்றாள்.

"எது?"

"தப்பு... என்கிட்டதான்னு."

அவன் அவளைத் திட்டினான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் திட்டாத வார்த்தையில் திட்டினான். திட்டிவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன் நகல் ஊர் சுகாதார நிலையத்துக்கும் போயிருந்தது. அங்கே இருந்த நர்ஸ் நாற்பது வயதுக்காரி, அவளுக்கும் இருமல். ஜல்லிக்காரனையும் மனைவியையும் உட்காரவைத்து ஒரு படிவத்தைக் காட்டினாள். நுரையீரல் நோய்க்குக் காரணம் என்ற இடத்தில் முன்பு நாலு இருந்தது. இப்போது 'காற்று' என்பதை மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். மிச்சம் மூன்று. பரம்பரை, நகரத்துக்குப் போய்வந்தது, புகைபிடிக்கும் பழக்கம்.

"உங்க அப்பா அம்மாவுக்கு இருந்ததாக்கா?"

"இல்ல. எங்கப்பா... எண்பது வரைக்கும்... ஏர் ஓட்டினாரு."

"டவுனுக்கு அடிக்கடி போவீங்களா?"

"ஆஸ்பத்திரிக்கு... மூணு வாட்டி."

"பத்தாது. முப்பது வாட்டியாவது போயிருக்கணும்." நர்ஸ் பேனாவைக் கன்னத்தில் குத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புகைபிடிச்சு நுரையீரல் போனவங்களுக்குத் தனியா ஒரு திட்டம் இருக்கு. அது சுகாதாரத் துறைது, வாரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அதே ஆக்சிஜன் மெஷின். அங்க நாலு கிடக்கு, கேக்க ஆளில்ல. சிகரெட்டு பிடிப்பீங்கன்னு போட்டுடட்டுமா?"

"நானா?" அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் முடிய ஐந்து நிமிடமானது. டப்பாவில் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். "போடு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"என்ன போட்டா... மெஷின் வரும்?"

"பதினஞ்சு."

"இருபதா போடு. குறைச்சுட்டா... இல்லன்னுடுவாங்க."

நர்ஸ் இருபது என்று எழுதினாள். ஆனால் எழுதினால் மட்டும் போதாது. மேலே இருக்கிறவர்கள் ஜனங்கள் பொய் சொல்லி மெஷின் வாங்கிவிடுவதாகச் சந்தேகப்படுகிறார்கள். அதனால் நோயாளி புகைபிடிக்கிற படம் ஒன்று இணைக்க வேண்டும். முகமும் புகையும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தம்பி ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். வாசற்படியிலேயே உட்காரவைத்து, பற்றவைத்து அக்கா வாயில் கொடுத்துவிட்டு, செல்போனைப் பிடித்தான். "இழுக்காத, சும்மா வாயில வச்சுக்க" என்றான் ஜல்லிக்காரன். அப்படியே எடுத்துக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் நர்ஸ் கூப்பிட்டு அனுப்பினாள். படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவளே ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"பாருங்கண்ணே. முகம் தெரியுது, சிகரெட்டு தெரியுது. புகை தெரியல."

"புகை வந்ததுங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"வந்திருக்கும். பின்னாடி தெரு பூரா இதே நிறமா இருக்கே, இதுல சிகரெட்டுப் புகை எது, மத்தது எதுன்னு எப்படிச் சொல்றது? 'தெளிவில்லை'ன்னு எழுதிட்டாங்க." அவள் படத்தைத் திருப்பி, பின்னால் இருந்த குறிப்பைப் படித்தாள். படிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "காத்து சுத்தமா இருக்கற இடமாப் பாத்து வேற படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"அது எங்கங்க இருக்கு?"

நர்ஸ் படத்தை அவன் கையில் கொடுத்தாள். அவள் மேசைக்குப் பின்னால் சுவரில் வாரியம் கொடுத்த சட்டம் போட்ட பட்டயம் மாட்டியிருந்தது. 'மைனஸ் மூன்று' என்று தங்க எழுத்தில் இருந்தது. பின்னால் வந்த 'மூன்று' மட்டும்தான் படிக்க முடிந்தது. மிச்சத்தை மாவு மூடியிருந்தது.

மறுநாள் காலை தம்பி லாரியிலிருந்து கருப்புத் தார்ப்பாயைக் கழற்றி வந்தான். தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். ஜல்லிக்காரன் வேலைக்குப் போகாமல், இரண்டு கையையும் மேலே தூக்கி, மனைவிக்குப் பின்னால் தார்ப்பாயைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் ஆளுக்கொரு படிவம் இருந்தது.

"அக்கா, இந்தத் தடவ சும்மா வாயில வச்சா வராது. இழுத்து விடணும்."

"தெரியும். பத்தவை."

முதல் தடவை இழுத்தாள். உள்ளே போனது வெளியே வரவில்லை; இருமல்தான் வந்தது. தம்பி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். ஜல்லிக்காரன் தார்ப்பாயைக் கீழே போடப் போனான். அவள் தலையை அசைத்தாள். இரண்டாம் சிகரெட்டில் புகை வந்தது, ஆனால் அவள் முகம் குனிந்துவிட்டது. முகம் தெரிய வேண்டுமே. மூன்றாவதைப் பற்றவைத்தபோது அவள் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தம்பி தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டான். அவள் முதுகை நேராக்கி, நாடியை உயர்த்தி, கன்னம் குழிய இழுத்து, கருப்புத் திரைக்கு முன்னால் ஒரு முழுப் புகையை விட்டாள். வெள்ளையாக, சுருள் சுருளாக, ஒரு இழைகூடக் குறையாமல் தெரிந்தது.

"வந்துடுச்சுக்கா!" தம்பி குரல் உடைந்து கத்தினான். "புகை வந்துடுச்சு. அருமையா வந்திருக்கு. போதும், போட்டுடு."

ஜல்லிக்காரன் தார்ப்பாயை விட்டுவிட்டு அவளிடம் ஓடினான். அவள் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினாள். என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தான், தள்ளிவிட்டாள். மூச்சு ஒன்று கிடைக்கும்வரை விரலை இறக்கவே இல்லை.

"இன்னொண்ணு எடுத்துடு," என்றாள். "ரெண்டு காப்பி... கேப்பாங்க."